காது கேட்கிறது, பேச்சு புரியவில்லை

சாப்பாட்டு மேசையில் ஆறு பேர். மின்விசிறி சுற்றுகிறது, பாத்திரங்கள் உரசுகின்றன, இரண்டு பேச்சுகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பேத்தி கேட்கிறாள்: "தாத்தா, காசு எடுத்துக்கிட்டீங்களா?" தாத்தா காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காதுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் குரலை உயர்த்தி, "காசு தாத்தா, காசு!" என்றதும் அவர் முகத்தைச் சுளிக்கிறார். "ஏன் கத்துற? நான் என்ன செவிடா?"

இந்த அரை நிமிடத்தில் மூன்று புதிர்கள் இருக்கின்றன. அவருக்குச் சத்தம் கேட்டது, ஆனால் சொல் மாறிவிட்டது. சத்தத்தைக் கூட்டினால் தெளிவு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அப்புறம், இதே தாத்தா காலையில் அமைதியான அறையில் இதே பேத்தியோடு ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் பேசிக்கொண்டிருந்தவர். அதனால்தான் "அவருக்கு வேணுங்கிறது மட்டும் காதுல விழும்" என்ற பேச்சு கிளம்புகிறது. காது மந்தமானவர்கள்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் இதைவிட அநியாயமானது வேறில்லை என்பது என் எண்ணம். மூன்று புதிர்களும் ஒரே பழுதின் மூன்று முகங்கள். அந்தப் பழுது எங்கே, எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

நனைந்துபோன கடிதம்

காது மந்தம் என்றதும் நம் மனதில் வருவது வானொலியின் ஒலியளவுத் திருகு. யாரோ திருகைக் குறைத்துவிட்டார்கள், கூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். சில காதுகளில் உண்மையாகவே அப்படித்தான். காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கலாம், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம், அதிர்வைக் கடத்தும் மூன்று குட்டி எலும்புகள் இறுகியிருக்கலாம். ஒலி உள்ளே போகும் வழியில் தடை ஏற்படுகிற இந்த வகைக்குக் கடத்தல் குறைபாடு என்று பெயர். இங்கே உரக்கப் பேசினால் பெரும்பாலும் புரியும். மருந்தோ அறுவை சிகிச்சையோ பல நேரம் கைகொடுக்கும்.

ஆனால் வயதானாலோ, பல வருடம் இரைச்சலில் வேலை பார்த்தாலோ வருவது வேறு வகை. அது உள்காதில் நடக்கும் பழுது. மழையில் நனைந்த கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மை கலைந்து எழுத்துகள் ஒன்றோடொன்று இழைந்திருக்கின்றன. அதன்மேல் பூதக்கண்ணாடியை வைத்தால் எழுத்து பெரிதாகும், கூடவே கலங்கலும் பெரிதாகும். உரக்கப் பேசுவது அந்தப் பூதக்கண்ணாடி. எழுத்து பொடியாக இருந்ததால் படிக்க முடியவில்லை என்றால் அது உதவும். மை கலைந்ததற்கு அது மருந்தல்ல.

இந்த உள்காதுப் பழுதைத்தான் "நரம்புக் கோளாறு" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் நரம்பைவிட முன்னால் கெட்டுப்போவது, உள்காதில் ஒலியைப் பிடிக்கும் செல்கள். அவற்றிடம் போவதற்கு முன் இரண்டு அளவுகோல்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹெர்ட்ஸும் டெசிபலும்

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸில் சொல்கிறோம். அது கூடினால் ஒலி கீச்சென்று மேலே போகும், குறைந்தால் கனத்துக் கீழே இறங்கும். இளம் காதுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேச்சைப் புரிந்துகொள்ள முக்கியமானது சுமார் 250 முதல் 8,000 வரையுள்ள பகுதி.

டெசிபல் என்பது ஒலியின் பலம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டெசிபல் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. 30 டெசிபல் கூடினால் 1,000 மடங்கு. ஆகவே பரிசோதனை அறிக்கையில் "40 டெசிபல்" என்று எழுதியிருந்தால் கேட்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இளம் வயதினரின் நல்ல காதுக்குச் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் மெல்லிய ஒலியை 0 என்று வைத்திருக்கிறார்கள். அதைவிட 40 டெசிபல் பலம் இருந்தால்தான் இவருக்குக் கேட்கத் தொடங்கும் என்பதே அதன் பொருள். சதவீதம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

தாழ்ந்த ஒலி முதல் கீச்சொலி வரை ஒவ்வொன்றுக்கும் இந்த அளவைக் குறித்து வரையும் கோட்டுப் படம்தான் ஆடியோகிராம். வயதால் வரும் மந்தத்தில் அந்தக் கோடு பெரும்பாலும் இடப்பக்கம், அதாவது தாழ்ந்த ஒலிகளில், நன்றாக இருந்து, வலப்பக்கம் போகப்போக மலைச்சரிவாக இறங்கும். தாத்தாவின் கோடும் அப்படித்தான் இருக்கும். அவருக்குக் கதவு சாத்துவது கேட்கும், வண்டி வருவது கேட்கும், யாரோ பேசுகிறார்கள் என்பதும் நன்றாகவே கேட்கும்.

வல்லினம் என்று பெயர், ஆனால்

பேச்சை அளந்து பார்த்தால், தமிழ் படித்த நமக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்திருக்கிறோம். ஒலியின் பலத்தில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அ, ஆ, ஓ போன்றவற்றைச் சொல்லும்போது வாய் திறந்து குரல் முழுதாக வெளியே வருகிறது. அவற்றின் ஆற்றலில் பெரும்பகுதி தாழ்ந்த ஹெர்ட்ஸ்களில் குவிந்திருக்கிறது. மெய்களில் பல அப்படியில்லை. க், த், ப் போன்றவை காற்றை அடைத்துச் சட்டென்று விடும் சின்ன வெடிப்புகள். காசு என்பதில் வரும் சகரம் பல்லிடுக்கில் சீறும் காற்று. அதன் சீறலில் பெரும்பங்கு 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ஒரே ஆள் ஒரே மூச்சில் பேசும் பேச்சில், மிகப் பலமான உயிருக்கும் மிக மெலிந்த மெய்க்கும் இடையே ஏறத்தாழ 30 டெசிபல் இடைவெளி இருக்கும். ஆற்றலில் அது 1,000 மடங்கு.

இதில் வேடிக்கை எது என்றால், வல்லினம் என்று நாம் பெயர் வைத்தவைதான் காதுக்கு மெலிந்தவை. ம், ன், ண் என்று மூக்கில் ஒலிக்கும் மெல்லினமும், ல், ர், ய் போன்ற இடையினமும் குரலோடு சேர்ந்து வருவதால் அவற்றைவிடப் பலமாகவே கேட்கும். இலக்கணத்தைக் குறை சொல்லவில்லை. வாயில் எவ்வளவு அழுத்திப் பிறக்கிறது என்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. காதுக்குள் நிலைமை தலைகீழ்.

இப்போது இந்தச் சொற்களைப் பாருங்கள்: பசி, பதி, படி, பணி, பரி, பலி, பழி. எல்லாவற்றிலும் தொடக்கம் ஒன்று, இறுதியில் வரும் இகரம் ஒன்று. நடுவில் ஒரே ஒரு மெய் மாறுகிறது, பொருள் முழுதும் மாறிவிடுகிறது. கீச்சொலிகளை இழந்த காதுக்கு ‘ப-இ’ என்ற சட்டகம் நன்றாகக் கேட்கும். நடுவில் இருந்தது என்ன என்பதுதான் மங்கும். "காசு" அப்படித்தான் "காது" ஆனது. சகரத்தின் சீறல் உதிர்ந்ததும், நடுவில் ஏதோ ஒரு மெல்லிய மெய் என்ற அளவுக்குத்தான் மிச்சம். பக்கத்தில் இருந்த சொல்லைத் தாத்தாவின் மூளை எடுத்துப் பொருத்திவிட்டது.

இந்த அனுபவம் நல்ல காது உள்ளவர்களுக்கும் உண்டு. பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தின. அதில் பெயரின் முதலெழுத்தைச் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்போம்! அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் குழாயின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. எஸ் ஃபார் சேலம் என்று சொல்லித்தான் தப்பித்தோம். தாத்தாவுக்கு உலகமே அந்தக் குழாய் வழியாக வருகிறது.

இதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். மெய்யின் அடையாளம் மெய்க்குள் மட்டும் இல்லை. நாக்கு ஒரு மெய்யிலிருந்து அடுத்த உயிருக்கு நகரும்போது அந்த உயிரின் ஓரத்தில் மெய்யின் சாயல் படிந்துவிடும். ஆகவே சகரமே கேட்காவிட்டாலும் துப்பு கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தச் சாயலைப் படிக்கக் கூர்மையான காது வேண்டும். கூர்மைதான் அடுத்த பிரச்சினை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: உள்காது பழுதானால் முதலில் போவது கீச்சொலிகள். பேச்சின் பலம் உயிர்களில் இருக்கிறது, சொல்லைச் சொல்லிலிருந்து பிரிக்கும் வேலையில் பெரும்பங்கு மெலிந்த மெய்களிடம் இருக்கிறது. அதனால் பேச்சு கேட்கும், சொல் நழுவும்.

ஆர்மோனியமும் உள்ளங்கையும்

உள்காதில் நத்தைக்கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குக் காக்ளியா என்று பெயர். அதை நீட்டிப் பிரித்தால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம்தான். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு ஓடுகிறது. அதை ஆர்மோனியத்தின் கட்டை வரிசை என்று வைத்துக்கொள்ளலாம். வாசல் பக்கம் கீச்சொலிகளுக்கு அதிரும், உள்கோடி தாழ்ந்த ஒலிகளுக்கு அதிரும். எந்த இடம் அதிர்ந்தது என்பதை வைத்து மூளை என்ன ஒலி என்று அறிகிறது.

இந்த அதிர்வை முதலில் கண்ணால் பார்த்தவர் ஹங்கேரியில் பிறந்த கேயார்க் ஃபான் பேக்கேஷி. புடாபெஸ்டில் தொலைபேசித் துறையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். நல்ல தொலைபேசி செய்ய வேண்டுமானால் காது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? இறந்தவர்களின் காதுகளை எடுத்து, பலத்த ஒலி கொடுத்து, நுண்ணோக்கியில் சவ்வு அலை அலையாக அதிர்வதைப் பார்த்தார். 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அவர் கண்ட அதிர்வு மழுங்கலாக இருந்தது. ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்தில் பல கட்டைகள் சேர்ந்து இறங்குவது போல. உயிருள்ள மனிதருக்கோ மிக நெருங்கிய இரண்டு சுரங்களைப் பிரித்துச் சொல்ல முடிகிறது. மழுங்கிய கருவியிலிருந்து கூர்மை எப்படி வந்தது? தாமஸ் கோல்ட் என்ற இளம் விஞ்ஞானி 1948இலேயே ஒரு பதில் சொல்லியிருந்தார். காக்ளியா வெறுமனே அதிரும் தோல் அல்ல, அதற்குள் தன் சொந்த ஆற்றலைப் போட்டு அதிர்வைத் தள்ளிவிடும் ஏதோ ஒன்று இருக்கிறது என்றார். ஊஞ்சல் தானாக ஆடினால் சீக்கிரம் நின்றுவிடும், ஒவ்வொரு வீச்சிலும் சரியான நொடியில் ஒருவர் லேசாகத் தள்ளிக்கொண்டிருந்தால் உயரப் போகும். அப்படி ஒரு தள்ளல். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோல்ட் வானியல் பக்கம் போய்விட்டார்.

முப்பது வருடம் கழித்து, 1978இல், லண்டனில் டேவிட் கெம்ப் காதுக்குள் ஒரு நுட்பமான மைக்கை வைத்து, சின்ன ‘க்ளிக்’ ஒலி கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். சில மில்லிநொடிகள் கழித்துக் காதிலிருந்து ஒலி திரும்பி வந்தது. காது ஒலி எழுப்புகிறது! உள்ளே ஒரு பெருக்கி ஓடாமல் இது நடக்காது. பிறந்த குழந்தை தூங்கும்போதே அதன் காதைப் பரிசோதிக்க இன்று பயன்படும் கருவிகளில் ஒரு வகை இந்த எதிரொலியைத்தான் தேடுகிறது. குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும்.

அந்தப் பெருக்கி யார்? சவ்வின்மேல் இரண்டு வகைச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. தலையில் மயிர் போன்ற நுண்ணிழைகள் இருப்பதால் அவை மயிர்ச்செல்கள். உள்வரிசையில் சுமார் 3,500. அவைதான் நரம்புக்குச் செய்தி அனுப்புபவை. வெளிவரிசைகளில் சுமார் 12,000. அவற்றின் வேலை பல காலம் விளங்காமலே இருந்தது. 1985இல் வில்லியம் பிரௌனெலும் உடனிருந்தவர்களும், தனியாகப் பிரித்தெடுத்த ஒரு வெளி மயிர்ச்செல்லுக்கு மின்தூண்டல் கொடுத்தபோது அது நீண்டு சுருங்குவதைப் படம் பிடித்தார்கள். ஊஞ்சலைத் தள்ளும் கை அதுதான். ஒலி வரும்போது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை குதித்து, மெல்லிய அதிர்வை 40 முதல் 60 டெசிபல் வரை ஏற்றிவிடுகிறது. இரைச்சல், முதுமை, சில வகை மருந்துகள் ஆகியவை பெரும்பாலும் முதலில் பதம் பார்ப்பதும் இந்தச் செல்களைத்தான். பறவைகளுக்கு இவை மறுபடி முளைக்கும். மனிதருக்கு முளைப்பதில்லை.

வெளிச்செல்கள் போனால் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதலாவது எளிது: மெல்லிய ஒலி கேட்காமல் போகிறது.

இரண்டாவது, கூர்மை போகிறது. ஆர்மோனியத்தை விரல் நுனியால் வாசித்துக்கொண்டிருந்தவர் இப்போது உள்ளங்கையை வைத்து வாசிக்கிறார். சுரம் வருகிறது, பக்கத்துச் சுரங்களும் கூடவே வருகின்றன. உயிரின் ஓரத்தில் படிந்த மெய்யின் சாயல் இந்தக் கும்மலில் கரைந்துவிடும். நனைந்த கடிதம் என்று சொன்னேனே, மை கலைவது இங்கேதான்.

மூன்றாவது, தாத்தாவின் எரிச்சல். நல்ல காதில் இந்தப் பெருக்கி மெல்லிய ஒலிகளைத்தான் அதிகம் ஏற்றிவிடும். பலத்த ஒலிக்கு அது கிட்டத்தட்ட எதுவும் செய்வதில்லை. எனவே பெருக்கி போனாலும் பலத்த ஒலி பழையபடியே பலமாக இருக்கும். தரை உயர்ந்துவிட்டது, கூரை அங்கேயே இருக்கிறது, நடுவில் நிற்க இடம் குறைந்துவிட்டது. சாதாரணக் குரல் அந்தத் தரைக்குக் கீழே. கொஞ்சம் கூட்டினால் தலை கூரையில் இடிக்கிறது. "கேட்கலை" என்றவர் அடுத்த நொடியே "ஏன் கத்துற" என்பதில் முரண் எதுவும் இல்லை. இரண்டும் அவர் காதில் நடந்த உண்மைகள்.

கூட்டத்தில் மட்டும் ஏன்?

மூன்றாவது புதிர் பாக்கி இருக்கிறது. அமைதியில் சரியாகப் பேசியவர் மேசையில் ஏன் தடுமாறினார்?

இதை நேராகப் பிடித்தவர் நெதர்லாந்தின் ரெய்னியர் ப்ளோம்ப். இசையில் எந்தச் சுரங்கள் சேர்ந்தால் இனிக்கிறது, எவை உரசுகின்றன என்று 1960களில் ஆராய்ந்தவர். பிறகு காது மந்தமானவர்களின் பேச்சுப் புரிதலுக்கு வந்தார். 1978இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே காதுகேள் கருவிகளின் பயன் வரம்புக்குட்பட்டது என்ற செய்தி இருந்தது. கேள்திறன் இழப்பில் இரண்டு பங்கு உண்டு என்றார். ஒன்று தணிவு: ஒலி குறைந்து கேட்பது. இன்னொன்று சிதைவு: கேட்டதும் கலங்கிக் கேட்பது. ஒலியைக் கூட்டினால் முதலாவது தீரும். இரண்டாவது அப்படியே நிற்கும். கூட்டத்தில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான்.

இரைச்சலில் முக்கியம் பேச்சின் பலம் அல்ல, பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம். பேச்சு 65 டெசிபல், இரைச்சல் 60 என்றால் வித்தியாசம் 5. கருவி இரண்டையும் 20 டெசிபல் ஏற்றினால் 85, 80. வித்தியாசம் அதே 5தான். இந்த வித்தியாசத்துக்கு ஒலி-இரைச்சல் விகிதம் என்று பெயர். சிதைவு உள்ள காதுக்கு இந்த விகிதம் மற்றவர்களுக்குத் தேவைப்படுவதைவிடச் சில டெசிபல் கூடுதலாக வேண்டும். சில டெசிபல்தானே என்று தோன்றலாம். பாதி வாக்கியங்கள் புரியும் எல்லையில் நிற்கும் ஒருவருக்கு, ஒரே ஒரு டெசிபல் சறுக்கினால்கூடப் புரியும் வாக்கியங்கள் 15 முதல் 20 சதவீதம் வரை குறையும். அது மலைச்சரிவு மாதிரி. ஒரு அடி தள்ளி நின்றவர் மேலே நிற்கிறார், இவர் கீழே கிடக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. மின்விசிறியின் இரைச்சல் ஒரே சீராக ஓடும். பக்கத்தில் இன்னொருவர் பேசுவது அப்படியில்லை; மூச்சு விடுவார், நிறுத்துவார், குரல் ஏறி இறங்கும். நல்ல காது அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகளில் தனக்கு வேண்டிய பேச்சை எட்டிப் பிடித்துவிடும், வேலி இடுக்கில் அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்ப்பது போல. 1990இல் யோஸ்ட் ஃபெஸ்டனும் ப்ளோம்பும் இதை அளந்தார்கள். நல்ல காதுக்காரர்களுக்கு இந்த இடுக்குகளால் பல டெசிபல் லாபம் கிடைத்தது. பழுதான காதுக்காரர்களுக்கு அந்த லாபம் அனேகமாகக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு வேலி சுவராகிவிட்டது. மேசையில் நாம் ஆறு பேர் பேச்சை ரசிக்கும் அதே இடத்தில் தாத்தா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சுருங்கச் சொன்னால், அமைதியான அறையில் தணிவு மட்டும்தான் தொல்லை, அதைக் கொஞ்சம் முயன்று சமாளிக்கலாம். கூட்டத்தில் சிதைவு வெளியே வருகிறது. ‘வேணுங்கிறது மட்டும்’ கேட்பவர் அல்ல அவர்.

மூளை போடும் ஒட்டு

இவ்வளவு ஓட்டை விழுந்த பேச்சை அவர் காலையில் எப்படிப் புரிந்துகொண்டார்? ஓட்டையை மூளை அடைத்துவிடுகிறது. 1970இல் ரிச்சர்ட் வாரன் ஓர் ஆங்கில வாக்கியத்தில் ஒரே ஒரு சகர ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இருமல் சத்தத்தை ஒட்டினார். 20 பேருக்குப் போட்டுக் காட்டினார். 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மீதி ஒருவர் விடுபட்டிருக்கிறது என்றார், ஆனால் தப்பான இடத்தைக் காட்டினார்.

தமிழில் நாமே யோசித்துப் பார்க்கலாம். ஒரு இருமலுக்குப் பிறகு ‘-ஆடு’ என்று கேட்கிறது. "...ஆடு பால் கறக்குது" என்றால் மாடு. "...ஆடு முழுக்கப் புலி" என்றால் காடு. "...ஆடு விடுதலை அடைஞ்சது" என்றால் நாடு. முதல் ஒலியை முடிவு செய்ய மூளை வாக்கியத்தின் கடைசிவரை காத்திருக்கிறது, பிறகு திரும்பிப் போய் ஒட்டுப் போடுகிறது. நமக்கோ முதலிலேயே கேட்டது போலத்தான் இருக்கும்.

கண்ணும் இதில் கூட்டாளி. 1976இல் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் ஒரு காட்சியைக் காட்டினார்கள். வாய் ஒன்று சொல்ல, ஒலி வேறொன்று. காதில் விழுந்தது ‘பா’. உதடுகள் சொன்னது ‘கா’. பெரும்பாலான பெரியவர்கள் கேட்டதாகச் சொன்னது ‘டா’. காது என்று நாம் நினைப்பதில் பாதி கண் என்று சொன்னால் மிகைதான், ஆனால் இரைச்சல் கூடக்கூட அந்த மிகை குறையும். காது மந்தமான பலர் "கண்ணாடி போட்டுக்கறேன் இரு, அப்புறம் பேசு" என்பது நகைச்சுவை அல்ல.

ஒட்டுப் போடும் வேலை இலவசமாக நடப்பதில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் யூகித்து, சரிபார்த்து, திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். ஒரு மணி நேர விருந்து முடிந்து வந்து சோர்ந்து படுத்துவிடுபவரை "ஆள் கூட்டமே பிடிக்கலை" என்கிறோம். ஒரு மணி நேரம் அவர் தேர்வு எழுதிவிட்டு வந்திருக்கிறார்.

அறிக்கை நன்றாக இருந்தும்

சிலருக்கு ஆடியோகிராம் கோடு நேராக இருக்கும். கூட்டத்தில் புரியவில்லை என்ற குறை மட்டும் தீராது. 2009இல் ஷேரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மேனும் எலிகளுக்கு இரண்டு மணி நேரம் பலத்த இரைச்சல் கொடுத்தார்கள். காது சில நாள் மந்தமாகி, பிறகு பழையபடி மெல்லிய ஒலியைக் கேட்டது. மயிர்ச்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் செல்லுக்கும் நரம்பிழைக்கும் நடுவிலுள்ள இணைப்புகளில், சில பகுதிகளில், பாதி வரை அறுந்து போயிருந்தன. மெல்லிய ஒலியைக் கண்டுபிடிக்க மிச்சமிருந்த இணைப்புகளே போதும், அதனால் பரிசோதனையில் தெரியவில்லை. மனிதரின் தொல்லையில் இதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும் இப்போதே சொல்லலாம்: ‘பீப்’ ஒலி கேட்கிறதா என்ற பரிசோதனையும், இரைச்சலில் வாக்கியம் புரிகிறதா என்ற பரிசோதனையும் ஒன்றல்ல. கேள்திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் போனால் இரண்டாவதையும் கேட்டு வாங்குவது நல்லது.

கருவி எதைச் செய்யும்?

மூக்குக்கண்ணாடி போட்டதும் எழுத்து பளிச்சென்று தெரிகிறது, காதுகேள் கருவியும் அப்படித்தான் என்று எதிர்பார்த்து, ஒரு வாரத்தில் அதை அலமாரியில் வைத்துவிடுபவர்கள் ஏராளம். கண்ணாடி சரிசெய்வது வழியில் வளையும் ஒளியை. விழித்திரை நன்றாக இருக்கிறது. இங்கே பழுதானது விழித்திரைக்கு நிகரான இடம். அதனால் ஒப்பீடு முதலிலேயே தப்பு.

இன்றைய கருவி எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்றுவதில்லை. மெல்லிய ஒலியை நிறைய, பலத்ததைக் கொஞ்சம் என்று ஏற்றி, உயர்ந்த தரைக்கும் கூரைக்கும் நடுவில் பேச்சை அடக்கப் பார்க்கிறது. போன வெளிச்செல்களின் வேலையில் ஒரு பாதி இது. திசை பார்க்கும் மைக்குகள் முன்னால் இருப்பவர் குரலை முன்னிறுத்திச் சில டெசிபல் விகிதத்தை மீட்டுத் தருகின்றன. கூர்மையைத் திருப்பித் தர அதனால் ஆகாது. ஆனாலும் கருவி வீண் என்று சொல்ல வரவில்லை. ‘காசு’வின் சகரம் கேட்காமலேயே பத்து வருடம் கழிவதைவிடக் கலங்கலாகவாவது கேட்பது எவ்வளவோ மேல். மூளைக்கும் புது ஒலிக்குப் பழகச் சில வாரம் முதல் சில மாதம் வரை வேண்டும்.

மூளையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 1995இல் ராபர்ட் ஷானன் குழு செய்த சோதனை ஒரு சாட்சி. பேச்சைத் தாழ்ந்த ஒலி முதல் கீச்சொலி வரை நான்கே பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே வெறும் ‘ஷ்ஷ்’ இரைச்சலை நிரப்பினார்கள். கொஞ்சம் பழகியதும் அமைதியான சூழலில் வாக்கியங்கள் அனேகமாக முழுதும் புரிந்தன. உள்காதுக்குள் மின்முனைகளைப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட், இருபது சொச்சம் முனைகளை வைத்துக்கொண்டு 3,500 செல்களின் வேலையைச் செய்வது இதனால்தான் சாத்தியமாகிறது. அதே காரணத்தால், இரைச்சல் வந்ததும் அது திணறுகிறது.

மேசையில் இருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. திறந்த வெளியில் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். அறைக்குள் அதைவிடக் கொஞ்சம் குறையலாம். கத்தாமலே கிடைக்கிற லாபம் இது, இரைச்சல் இருந்த இடத்திலேயே இருப்பதால் விகிதமும் உயர்கிறது. முகம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், உதடு தெரிய வேண்டும். அப்புறம், புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு மாதிரிச் சொல்லிப் பார்க்க வேண்டும். உதிர்ந்த மெய் நூறு முறை சொன்னாலும் அதே இடத்தில்தான் உதிரும். வேறு சொற்கள் வந்தால் ஒட்டுப் போட மூளைக்குப் புதுத் துணி கிடைக்கும்.

பேத்தி எழுந்து மின்விசிறியைக் குறைத்துவிட்டு அவர் பக்கத்து நாற்காலிக்கு வருகிறாள். சாதாரணக் குரலில், முகத்தைப் பார்த்து, "தாத்தா, மணிபர்ஸ்ல பணம் வச்சிருக்கீங்களா?"

"அதைக் கேக்கத்தானா இவ்வளவு நேரம்? சட்டைப் பையிலயே இருக்கும்மா."